"கொலை வீடு": ஒரு நாடு தன் பிள்ளைகளின் பல்லைக் காப்பாற்றிய கதை



பள்ளி திறக்கப்போகிறது. முதன்முதலாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் பை, ஷூ, தண்ணீர் பாட்டில் எல்லாம் வாங்கியாகிவிட்டிருக்கும். "ஒருமுறை பல் டாக்டரிடமும் காட்டிவிட்டு அனுப்புங்கள்" என்று சொன்னால் மட்டும், "பால் பல்தானே சார், விழுந்து முளைக்கப்போவதுதானே" என்று பதில் வருகிறது. அதற்கு நான் ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு தேசமே நூறு வருடமாக இந்தக் கேள்வியோடு போராடிய கதை இருக்கும்போது, ஒரு வரியில் சொல்வானேன்? பதிவு கொஞ்சம் நீளம். சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

நியூசிலாந்தில் ஐம்பது, அறுபது வயதைத் தாண்டிய யாரிடமாவது "மர்டர் ஹவுஸ்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே கன்னத்தைத் தடவிக்கொள்வார்கள். நம் மொழியில் "கொலை வீடு". பேய்க் கதையில் வரும் வீடு அல்ல. அவர்கள் படித்த ஆரம்பப் பள்ளியின் வளாகத்துக்குள்ளேயே இருந்த சின்னப் பல் மருத்துவமனைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. அரசாங்கம் பிள்ளைகளின் நன்மைக்காக, இலவசமாகக் கட்டிக்கொடுத்த இடம். உலக நாடுகளெல்லாம் வந்து பார்த்துப் பாராட்டிய திட்டம். அதற்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கொலை வீடு!

இது எப்படி நடந்தது? நல்லது செய்யப் போன இடத்தில் பயம் எங்கிருந்து வந்தது? இதுதான் இன்றைய பாடம்.

போருக்குப் போகப் பல் இல்லை

முதல் உலகப் போர் 1914-ல் தொடங்கியது. நியூசிலாந்து பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தின் ஒரு பகுதி. இளைஞர்கள் படையில் சேர வரிசையில் நின்றார்கள். டாக்டர்கள் சோதித்துப் பார்த்தால், ஆள் வாட்டசாட்டமாக இருக்கிறான், ஆனால் வாயைத் திறந்தால் பாதிப் பல் சொத்தை. அன்றைய ராணுவ உணவு பாறை மாதிரி இருக்கும் பிஸ்கட்டும் தகரத்தில் அடைத்த இறைச்சியும். பல் இல்லாதவன் பட்டினிதான் கிடக்க வேண்டும். நிறையப் பேர் பல்லால் தள்ளுபடி ஆனார்கள். ராணுவத்துக்கென்றே தனியாகப் பல் மருத்துவப் பிரிவு ஒன்றை 1915-ல் ஏற்படுத்த வேண்டியதாயிற்று.

அந்தப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் தாமஸ் ஆண்டர்சன் ஹன்டர் என்ற பல் மருத்துவர். ஆயிரக்கணக்கான இளைஞர்களின் வாய்களைப் பார்த்த அவருக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. இருபது வயதில் கெட்டுப்போன வாய் இருபது வயதில் கெடவில்லை. ஐந்து, ஆறு வயதிலேயே கெட ஆரம்பித்துவிட்டது.

அந்த நாட்டின் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அங்கே பல்லைக் காப்பாற்றுவது என்ற எண்ணமே பலருக்கு இல்லை. வலித்தால் பிடுங்கு. மொத்தமாகப் பிடுங்கிப் பல் செட் வைத்துக்கொண்டால் அப்புறம் தொல்லையே இல்லை. கல்யாணத்துக்கு முன்பே பெண்ணுக்கு எல்லாப் பல்லையும் எடுத்துப் பல் செட் போட்டு அனுப்பிய குடும்பங்களும் உண்டு. வருங்காலக் கணவனுக்குச் செலவு மிச்சம் என்று! கேட்க நமக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. அவர்களுக்கு அது சாதாரணம்.

ஹன்டருக்கு முன்னால்

பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பற்றி முதலில் பேசியவர் ஹன்டர் அல்ல. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் பல் மருத்துவர் வில்லியம் மக்ஃபெர்சன் ஃபிஷர், பள்ளிப் பிள்ளைகளின் பல்லைக் கட்டாயமாகக் கவனிக்க வேண்டும் என்று 1885-லேயே தம் சங்கத்தின் முன் கட்டுரை படித்தார். ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தில் எர்ன்ஸ்ட் யெஸ்ஸன் என்பவர் 1902-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே பல் மருத்துவமனை தொடங்கினார். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1907-ல் ஒன்று வந்தது. அமெரிக்காவில் பிரிட்ஜ்போர்ட் என்ற ஊரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ், பெண்களுக்குப் பல் சுத்தம் செய்யவும் சொல்லிக்கொடுக்கவும் பயிற்சி தந்து, அவர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பினார். பாஸ்டனில் ஃபோர்சைத் என்ற குடும்பத்தின் பெரும் நன்கொடையில் 1914-ல் பிள்ளைகளுக்காக மாளிகை போன்ற பல் மருத்துவமனை திறந்தது.

ஆனால் இவையெல்லாம் ஒரு ஊரில் ஒன்று, ஒரு நகரத்தில் ஒன்று. ஒரு நாட்டின் எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. யோசித்தவர் ஹன்டர்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அது முடியாத காரியம். இருக்கிற பல் மருத்துவர்களோ சொற்பம். அவர்களும் பெரியவர்களுக்கு வைத்தியம் பார்த்துத்தான் பிழைக்க வேண்டும். கிராமத்துப் பள்ளிக்கு யார் போவார்கள்? ஹன்டர் சொன்ன யோசனை இதுதான்: இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருடம் பயிற்சி கொடுப்போம். அவர்கள் பள்ளிப் பிள்ளைகளின் சொத்தையை அடைப்பார்கள், தேவைப்பட்டால் பால் பல்லைப் பிடுங்குவார்கள், பல் துலக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். பெரியவர்களைத் தொட மாட்டார்கள். அரசாங்கச் சம்பளம். பெயர், பள்ளிப் பல் நர்ஸ்.

பல் மருத்துவர்களிடையே எதிர்ப்பு எழாமல் இருக்குமா? பல வருடம் படிக்கிற வேலையை இரண்டு வருடம் படித்த பெண்ணிடம் கொடுப்பதா என்றார்கள். கடைசியில் சங்கம் இணங்கியது. 1921-ல் வெலிங்டனில் பயிற்சி தொடங்கியது. 1923-ல் சுமார் முப்பது பெண்கள் பயிற்சி முடித்து ஊர் ஊராகப் போனார்கள்.

பெண்களை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? பிள்ளைகளிடம் பக்குவமாக நடப்பார்கள் என்று ஒரு காரணம் சொன்னார்கள். குறைந்த சம்பளத்துக்கு வருவார்கள் என்பது இன்னொரு காரணம். இரண்டாவது காரணத்துக்கு அவர்கள் ஐம்பது வருடம் கழித்துப் பதில் சொன்னார்கள். 1974-ல் நூற்றுக்கணக்கான நர்ஸ்கள் வெள்ளைச் சீருடையோடு நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போய்ச் சம்பள உயர்வு கேட்டார்கள். அது தனிக் கதை.

அதென்ன ஆறு வயசுக் கணக்கு?

இங்கே கொஞ்சம் நின்று, பால் பல் விஷயத்துக்கு வருவோம். ஹன்டரின் திட்டம் பள்ளியில் புதிதாகச் சேரும் சின்னப் பிள்ளைகளிடமிருந்துதான் தொடங்கியது. அதற்குக் காரணம் உண்டு.

பால் பல் மொத்தம் 20. குழந்தைக்கு இரண்டரை, மூன்று வயதுக்குள் எல்லாம் முளைத்துவிடும். ஆறு வயது வாக்கில் முன்பல் ஆட ஆரம்பிக்கும். நாமெல்லாம் அந்த முன்பல்லைத்தான் பார்ப்போம். விழுந்த பல்லைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரை மேல் எறிந்த தலைமுறை நாம்.

ஆனால் அதே ஆறு வயதில், யாருக்கும் தெரியாமல் வாயின் கோடியில் இன்னொன்று நடக்கிறது. பால் பல் வரிசைக்குப் பின்னால் நாலு மூலையிலும் ஒவ்வொரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. இதற்கு வழிவிட எந்தப் பால் பல்லும் விழுவதில்லை. அதனால் அம்மா அப்பா இதையும் பால் பல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். இது பால் பல் இல்லை. எழுபது வயது வரை மென்று சாப்பிட வேண்டிய நிரந்தரப் பல். மேலே ஆழமான பள்ளங்கள் இருக்கும். பிரஷ் அவ்வளவு தூரம் எட்டாது. சொத்தை விழுந்தால் போனது போனதுதான்.

பக்கத்தில் இருக்கும் பால் கடைவாய்ப் பற்களும் உடனே விழுந்துவிடுவதில்லை. பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்கும். அவற்றைச் சீக்கிரம் பிடுங்கிவிட்டால் பின்னால் உள்ள பல் முன்னால் சாய்ந்து, வரப்போகும் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பஸ்ஸில் துண்டு போட்டு வைத்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்த கதைதான். பல் கோணல்மாணலாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். "விழுந்து முளைக்கப்போவதுதானே" என்பதற்கு ஒரு வரிப் பதில் இதுதான்.

பள்ளியில் சேரும் வயதும் இந்தப் பல் முளைக்கும் வயதும் ஏறக்குறைய ஒன்றாக வருகின்றன. அதனால்தான் உலகத்தில் பல நாடுகள் பள்ளிச் சேர்க்கைக்கு ஒட்டிப் பல் பரிசோதனையை வைத்தன.

வெள்ளைக் கட்டடம்

திட்டம் வளர்ந்தது. ஊர்ப் பள்ளிக் குழுக்களும் தங்கள் பங்குக்குப் பணம் திரட்டின. பள்ளி வளாகத்திலேயே சின்னச் சின்ன மருத்துவமனைகள் எழுந்தன. 1940-ல் வெலிங்டனின் வில்லிஸ் தெருவில் பெரிய பயிற்சிப் பள்ளி திறந்தது. ஒரு காலகட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸ்கள் வேலை பார்த்தார்கள். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இந்தச் சேவைக்குள் வந்துவிட்டார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளை, ஏழை வீட்டுப் பிள்ளை, மாவோரிப் பழங்குடிப் பிள்ளை எல்லாரும் ஒரே நாற்காலியில். இது சாதாரணச் சாதனை அல்ல.

இனி, பிள்ளையின் பக்கம் வந்து பாருங்கள்.

வகுப்பு நடந்துகொண்டிருக்கும். கதவு திறக்கும். பல் நர்ஸிடம் போன பிள்ளை திரும்பி வருகிறது. ஒரு பக்கம் முகம் வீங்கினாற்போல் இருக்கிறது, கண்ணில் நீர் காய்ந்திருக்கிறது. கையில் அடுத்த பிள்ளையின் பெயர். வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். பெயர் சொல்லப்பட்ட பிள்ளை எழுந்து தனியாக மைதானத்தைக் கடந்து நடக்க வேண்டும். அம்மா கூட இல்லை. என்ன செய்யப்போகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பியதோடு பெற்றோரின் வேலை முடிந்தது.

உள்ளே மருந்து வாசனை. நர்ஸ் காலால் மிதித்து ஓட்டும் டிரில். தையல் மெஷின் மாதிரி மிதி, மேலே கயிறு, கப்பி, நுனியில் சுழலும் ஊசி. மிதி வேகமாக இருந்தால் வேகமாகச் சுற்றும். கால் ஓய்ந்தால் நடுவில் இழுத்துப் பிடிக்கும். மண்டைக்குள் தேனீ புகுந்தது போல அதிரும். மரத்துப்போகும் ஊசி பெரும்பாலும் இல்லை. அதுவும் ஒன்றிரண்டு நாள் அல்ல. வருடத்துக்கு இரண்டு முறை, எட்டு வருடம்.

அந்த நர்ஸ்கள் கொடுமைக்காரர்கள் அல்ல. இருபது வயதுப் பெண்கள். பஞ்சுச் சுருளில் பொம்மை செய்து பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பினார்கள். "பெர்ட்டி ஜெர்ம்" என்று ஒரு கிருமிப் பாத்திரத்தைப் படமாக்கிச் சுவரில் மாட்டினார்கள். மனசு இருந்தது. ஆனால் பட்டியலில் இத்தனை பிள்ளைகள், இத்தனை அடைப்புகள் என்று கணக்கும் இருந்தது. அன்றைய பல் மருத்துவப் பாடமும் அப்படி. சந்தேகமான இடத்தைக்கூடக் குடைந்து அடைத்துவிடு, விட்டுவைத்தால் பெரிதாகும் என்பதுதான் பாடம்.

"கொலை வீடு" என்ற பெயர் அந்த மைதானத்தைத் தனியாகக் கடந்த பிள்ளைகள் வைத்தது. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்ல, அண்ணன் தம்பிக்குச் சொல்ல, இன்னும் பள்ளியில் சேராத தங்கைக்கும் அந்தப் பெயர் தெரிந்திருந்தது. நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பயம் வந்து உட்கார்ந்துவிட்டது.

பயத்தையும் படித்தார்கள்

இதே காலத்தில் அமெரிக்காவில் எவாஞ்சலின் ஜோர்டன் என்ற பெண்மணி இருந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்து பல் மருத்துவரானவர். லாஸ் ஏஞ்சலஸில் 1909 முதல் பிள்ளைகளுக்கு மட்டுமே வைத்தியம் பார்த்தார். பிள்ளைகளின் பல் வைத்தியம் பற்றி 1925-ல் புத்தகமே எழுதினார். வலி வருவதற்கு முன்பே, சின்ன வயதிலேயே கூட்டி வாருங்கள் என்பது அவருடைய கட்சி. ஆனால் அவர் காலத்திலேயே, அலறும் பிள்ளையின் வாயைக் கையாலோ துணியாலோ பொத்தி அடக்கும் முறையும் எழுத்தில் ஏறியது. அதைப் பாடமாகவே சொல்லிக்கொடுத்தார்கள். அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவர் சங்கம் அந்த முறையைத் தன் வழிகாட்டு நெறியிலிருந்து நீக்கியது எப்போது தெரியுமா? 2006-ல்தான். பிள்ளையை மதிக்கக் கற்றுக்கொள்ளப் பெரியவர்களுக்கு அவ்வளவு நாள் பிடிக்கிறது.

ஹரோல்ட் அடெல்ஸ்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1959-ல் ஒரு எளிய முறையை எழுதினார். "சொல், காட்டு, செய்." முதலில் என்ன செய்யப்போகிறோம் என்று பிள்ளைக்குப் புரியும் வார்த்தையில் சொல். பிறகு அந்தக் கருவியைப் பிள்ளையின் கையிலோ நகத்திலோ வைத்துக் காட்டு. அதற்குப் பிறகு, சொன்னதை மட்டும், சொன்னபடியே செய். இன்றைக்கும் உலகம் முழுவதும் குழந்தைப் பல் மருத்துவத்தில் முதல் பாடம் இதுதான். ஆசிரியராக இருந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் தெரியாது. கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக்காட்டிவிட்டுத்தானே பிள்ளையைப் போடச் சொல்வோம்?

1967-ல் உளவியலாளர் ஆல்பர்ட் பந்துராவும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். நாயைக் கண்டு பயப்படும் சின்னப் பிள்ளைகளுக்கு, பயமில்லாத இன்னொரு பிள்ளை நாயோடு விளையாடுவதைக் காட்டினார்கள். பார்த்த பிள்ளைகளின் பயம் குறைந்தது. 1970-களில் பார்பரா மெலமெட் என்ற ஆய்வாளர் அதையே பல் சிகிச்சைக்குப் பயன்படுத்தினார். ஒரு பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து சமாளிப்பதைப் படமாக எடுத்து, சிகிச்சைக்கு முன் மற்ற பிள்ளைகளுக்குக் காட்டினார். அது உதவியது.

இப்போது அந்த நியூசிலாந்து வகுப்பறையைத் திரும்ப யோசித்துப் பாருங்கள். அங்கேயும் ஒரு பிள்ளையைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் பார்த்தது அழுதுகொண்டே திரும்பும் பிள்ளையை. அதே விதி, தலைகீழாக வேலை செய்தது.

திருந்திய திட்டம்

வேடிக்கை என்னவென்றால், பல் சிகிச்சையின் அதிர்வைக் குறைத்த ஒரு கருவிக்கு நியூசிலாந்தும் ஒரு பிறப்பிடம். ஒடாகோ பல் மருத்துவக் கல்லூரியின் தலைவராக இருந்த ஜான் வால்ஷ், அரசு ஆய்வுக்கூடத்தின் உதவியோடு, காற்றின் விசையில் அதிவேகமாகச் சுழலும் டிரில்லை 1949-ல் உருவாக்கினார். 1957-ல் அமெரிக்காவில் இந்த வகைக் கருவி சந்தைக்கு வந்து உலகமெங்கும் பரவியது. ஆனால் அவருடைய நாட்டிலேயே 1950-களிலும் 60-களிலும் பல பள்ளிகளில் நர்ஸ்கள் காலால் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

மாற்றம் மெல்ல வந்தது. ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரில் 1954-ல் குடிநீரில் அளவாக ஃப்ளோரைடு சேர்த்தார்கள். பற்பசையிலும் ஃப்ளோரைடு வந்தது. 1970-களின் பிற்பகுதியில், தொடக்க நிலையில் உள்ள சொத்தையை உடனே குடையாதே, கவனித்து வா, அது ஆறவும் கூடும் என்று நர்ஸ்களுக்கான விதியை மாற்றினார்கள். அடைக்கப்பட்ட பற்களின் எண்ணிக்கை மளமளவென்று குறைந்தது. அப்படியானால் அதற்கு முன் குடைந்தவற்றில் எத்தனை அவசியமானவை என்ற கேள்வி எழாமல் இருக்குமா?

டுனெடின் நகரில் 1972, 73-ல் பிறந்த 1037 பேரைப் பிறப்பிலிருந்து இன்றுவரை ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். உலகப் புகழ்பெற்ற ஆய்வு. பல் சிகிச்சை பற்றிய பயத்தையும் அதில் கேட்டறிந்தார்கள். இப்படிப்பட்ட ஆய்வுகள் காட்டும் சங்கிலி இதுதான்: பயந்தவர் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார். தள்ளிப்போட்டதால் சொத்தை பெரிதாகிறது. பெரிதானதால் வலிக்கும் வைத்தியம் தேவைப்படுகிறது. அதனால் பயம் இன்னும் கூடுகிறது. இவர் அப்பாவாகவோ அம்மாவாகவோ ஆனால், அந்தப் பயம் பிள்ளையின் காதுக்கும் போகிறது.

பல்லைக் காப்பாற்றினார்கள். அந்தப் பல்லுக்குச் சொந்தக்காரப் பிள்ளையை மறந்தார்கள். இதுதான் அந்தத் திட்டத்தின் குறை என்பது என் கருத்து. ஆனால் குறை கண்டபின் திட்டத்தை இழுத்து மூடவில்லை. அதுதான் பாராட்ட வேண்டியது. இன்று அங்கே பள்ளி செல்லாத சின்னக் குழந்தைகளுக்கும் இலவசப் பல் சேவை உண்டு, அம்மா கூடவே போகலாம். 2008 முதல், நாலு வயதுக் குழந்தைகள் எல்லாருக்கும் பள்ளியில் சேரும் முன் ஒரு இலவச உடல்நலச் சோதனை இருக்கிறது. கண், காது, வளர்ச்சியோடு பல்லும் அதில் சேர்த்தி. "உதட்டைத் தூக்கிப் பாருங்கள்" என்று தாய்மார்களுக்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். மேல் உதட்டைத் தூக்கி, ஈறு ஓரமாக வெள்ளைக் கோடோ பழுப்புப் புள்ளியோ தெரிகிறதா என்று பார்த்தால் போதும். வெள்ளைக் கோடு சொத்தையின் முதல் அறிகுறி. அந்த நிலையில் டிரில் தேவையில்லை.

அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான சின்னப் பிள்ளைகளை மயக்க மருந்து கொடுத்துப் பல் எடுக்கிறார்கள். அதில் மாவோரிப் பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளுமே அதிகம்.

கடல் தாண்டி நம் பக்கம்

இந்தத் திட்டம் நம் பக்கமும் வந்தது. மலேயாவின் பினாங்கில் 1949-ல் பல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. இலங்கையில் நியூசிலாந்தின் உதவியோடு 1950-களில் மகரகமவில் பயிற்சிப் பள்ளி வந்தது. சிங்கப்பூரில் பள்ளிப் பல் மருத்துவமனைகள் வந்தன. 1970-களில் அங்கே படித்தவர்களைக் கேளுங்கள், பள்ளி வாய்க்கால் ஓரமாக வரிசையாகக் குந்தி, கையில் குவளையும் பிரஷுமாக, ஆசிரியர் எண்ணிக்கை சொல்லச் சொல்லப் பல் துலக்கியதைச் சொல்வார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மட்டும் 1949-ல் இதைச் சோதித்துப் பார்க்கச் சட்டம் போட்டு, பல் மருத்துவர்களின் எதிர்ப்பால் அடுத்த வருடமே திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

நம் நாட்டில் பள்ளிக்கொரு பல் நர்ஸ் வரவில்லை. 2013 முதல் மத்திய அரசின் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வந்து பிள்ளைகளைச் சோதிக்கிறது. அந்தப் பட்டியலில் பல்லும் இருக்கிறது. குழு வரும் நாளில் பிள்ளைக்கு லீவு போடாதீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இயற்கையாகவே அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். உங்கள் பிள்ளை பல்லில் வெள்ளைத் திட்டோ பழுப்புக் கறையோ இருந்தால் அது சொத்தையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

கொலை வீட்டிலிருந்து நமக்கு

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் ஊசி போடச் சொல்லுவேன்." பாட்டி சொல்வார், அத்தை சொல்வார், வகுப்பில் நம் ஆசிரியர்களும் சொல்வார்கள். நியூசிலாந்துப் பிள்ளைகள் பட்டுத் தெரிந்துகொண்ட பயத்தை, நாம் பிள்ளை படும் முன்பே கொடுத்துவிடுகிறோம். முதலில் இதை நிறுத்த வேண்டும்.

மற்றவை, அந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை:

1. வலி இல்லாதபோது கூட்டிப் போங்கள். முதல் பல் முளைத்து, ஒரு வயதுக்குள் முதல் பரிசோதனை என்பது இன்றைய வழிமுறை. விட்டுப்போயிருந்தால் பள்ளி சேரும் முன்பாவது. முதல் நாளில் வெறும் எண்ணிப் பார்த்தல்தான் என்றால், அந்த நாற்காலி பிள்ளைக்கு ஒரு விளையாட்டு.

2. வீட்டில் ஒத்திகை பாருங்கள். பிள்ளையை மடியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, பற்களை எண்ணுங்கள். பிறகு பிள்ளை உங்கள் பல்லை எண்ணட்டும்.

3. உண்மையைச் சொல்லுங்கள், சுருக்கமாக. "டாக்டர் உன் பல்லை எண்ணுவார், சின்னக் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்." அவ்வளவு போதும். "வலிக்கவே வலிக்காது, பயப்படாதே" என்று சொல்லாதீர்கள். அதுவரை பிள்ளைக்கு வலி என்ற நினைப்பே இருந்திருக்காது.

4. உங்களுக்கே பயமா? அப்படியானால் பயமில்லாதவர் கூட்டிப் போகட்டும். தாத்தா பாட்டி எதற்கு இருக்கிறோம்?

5. அண்ணனோ அக்காவோ பரிசோதனைக்குப் போகும்போது சின்னதையும் கூட்டிப் போங்கள். சிரித்துக்கொண்டு எழுந்து வரும் பிள்ளையைப் பார்க்கட்டும்.

6. காலை நேரத்தில் போங்கள். பசியிலும் தூக்கத்திலும் எந்தப் பிள்ளையும் ஒத்துழைக்காது.

7. "வலித்தால் கையைத் தூக்கு, டாக்டர் நிறுத்துவார்" என்று டாக்டரிடமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கை தூக்கினால் நிஜமாகவே நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் பிள்ளை இனி யாரையும் நம்பாது.

8. முடிந்ததும் சாக்லேட் வேண்டாம். பார்க்குக்குக் கூட்டிப் போங்கள்.

9. ஏழெட்டு வயது வரை ராத்திரிப் பல் துலக்கலைப் பெரியவர் செய்ய வேண்டும். மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணி அளவு பற்பசை போதும். அதற்கும் கீழே அரிசி அளவு. விளம்பரத்தில் வருவது போல பிரஷ் முழுக்க அப்ப வேண்டாம்.

ஒரு பிள்ளை தானாக வாயைத் திறப்பது சின்ன விஷயமல்ல. தெரியாத ஒருவர் தன் வாய்க்குள் கையை விட அனுமதிக்கிறது என்றால், கூட வந்தவரை அது அவ்வளவு நம்புகிறது என்று பொருள். நியூசிலாந்து அரசாங்கம் கட்டடம் கொடுத்தது, நர்ஸ் கொடுத்தது, மருந்து கொடுத்தது. அந்த மைதானத்தைக் கடக்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கையை மட்டும் கொடுக்க மறந்தது. அதைக் கொடுக்க நமக்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

உங்கள் பிள்ளைகளின் முதல் பல் பரிசோதனை அனுபவம் எப்படி இருந்தது என்று கீழே எழுதுங்கள். மலேசியா, சிங்கப்பூர், இலங்கையில் படித்த நண்பர்கள் தங்கள் பள்ளிப் பல் நர்ஸ் கதைகளைச் சொன்னால் எல்லாரும் படித்து மகிழ்வோம். பள்ளியில் சேரப்போகும் குழந்தை உள்ள வீடுகளுக்கு இதைப் பகிருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்.